பதினாலாம் எண் வீட்டில் முந்நூறு பேர்

எங்கள் சுகாதார நிலையத்தின் பழைய பதிவேட்டைப் புரட்டினால், பதினாலாம் எண் வீட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் குடியிருப்பதாகத் தெரியும். முன்னால் தகரக் கூரை போட்ட இஸ்திரிக் கடை, உள்ளே ஒரே அறை, பின்னால் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டிய சமையற்கட்டு. அவ்வளவுதான் அந்த வீடு. உண்மையில் அங்கே இருந்தவர்கள் இஸ்திரிக்காரம்மாவும் அவருடைய மருமகளும் மட்டுமே. மகன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருப்பான், அந்த நாலு நாளும் தூங்குவான். பதிவேட்டில் அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகளையும் எழுதியவள் நான்.

இஸ்திரிக்காரம்மாவுக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. வலது தோள் இடது தோளைவிடத் தாழ்ந்திருக்கும். முப்பது வருடம் கரிப்பெட்டியைத் தள்ளியதில் வந்தது அது. அவர் யாரையும் நல்ல வார்த்தை சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெட்டி ஆறினாலும் அந்தம்மா வாய் ஆறாது என்று தெருவில் பேசிக்கொள்வார்கள். துணி கொண்டுவருகிறவர்களிடமே, "இந்தக் காலரைப் பாரு. கழுத்தைக் கழுவிட்டுச் சட்டை போட்டா குறைஞ்சா போயிடுவ?" என்பார். ஆனாலும் துணி வேறு கடைக்குப் போகாது, மடிப்பு அப்படி. எங்கள் நிலையத்து வெள்ளைக் கோட்டுகளும், டோக்கன் கொடுக்கிறவரின் சட்டைகளும் அவரிடம்தான் போய் வந்தன.

அவருடைய வீடு தெருவின் கடைசி வீடு. அதை அடுத்துச் சாக்கடைக் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் தகரமும் தார்ப்பாயும் பலகையுமாக நெருக்கி நின்ற குடியிருப்பில் கட்டட வேலைக்காரர்கள், குப்பை பிரிப்பவர்கள், சுமை தூக்குகிறவர்கள் இருந்தார்கள். இருபது வருடமாக இருந்தும் அங்கே எந்த வாசலுக்கும் எண் கிடையாது. எங்கள் நிலையத்திலோ கதவு எண் சொன்னால்தான் டோக்கன். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. கண்ட ஆட்களும் வந்து மருந்தைத் தீர்த்துவிடுகிறார்கள் என்று முன்பிருந்த அதிகாரி ஒருவர் வாயால் சொல்லிவிட்டுப் போனது. அவர் மாற்றலாகி ஆறு வருடம் ஆகியும் அந்த வாய்ச்சொல் மட்டும் மாற்றலாகவில்லை.

பதினாலு எப்படிப் பொது எண் ஆனது என்பதை நான் நேரில் பார்த்தேன். கால்வாய்க்கு அந்தப் பக்கத்துப் பெண் ஒருத்தி, வெந்நீர் கொட்டித் தொடை வெந்துபோன குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"கதவு எண்?" என்றார் டோக்கன்காரர்.

"நம்பர் இல்லைங்க."

"நம்பர் இல்லாம எங்கம்மா இருக்கீங்க? காத்துலயா?"

வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அப்போது தேய்த்த சட்டைகளைக் கொடுக்க வந்த இஸ்திரிக்காரம்மா ஜன்னலுக்குள் தலையை நீட்டினார்.

"ஆமா, காத்துலதான் இருக்கா. நீ வந்து சுவரு வச்சுக் குடு."

"உங்களுக்கு என்னம்மா இதுல? சட்டையை வச்சுட்டுக் கிளம்புங்க."

"பதினாலுன்னு எழுது."

"அது உங்க நம்பராச்சே."

"என் நம்பர்தான். இவ என் தங்கச்சி. நேத்துதான் வந்தா. எழுதுறியா, இல்ல இந்த நாலு சட்டையையும் கீழ விரிச்சு வரிசையில நிக்கிறவங்களை உக்காரச் சொல்லவா?"

டோக்கன்காரர் என்னைப் பார்த்தார். நான் பதினாலு என்று எழுதினேன்.

அந்த வாரத்திலேயே அவருக்கு ஒன்பது தங்கச்சிகளும் நாலு தம்பிகளும் முளைத்தார்கள். பிறகு அது ஒரு முறையாகவே ஆகிவிட்டது. கால்வாய்க்கு அந்தப் பக்கமிருந்து நிலையத்துக்கு வருகிறவர்கள் முதலில் இஸ்திரிக் கடைக்குப் போய் என்ன நோய், எத்தனை நாள் என்று சொல்லியாக வேண்டும். சொல்லித் திட்டு வாங்கிய பிறகுதான் எண்.

"என்னடா?"

"இருமல்க்கா."

"எத்தன நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

"ஒரு மாசமா இருமிக்கிட்டு என்ன பண்ணின, தாளம் போட்டியா? போ. பதினாலுன்னு சொல்லு. சளி எடுத்துக் காட்டு. இங்க துப்பின, பெட்டியை முதுகுல வச்சுருவேன்."

அந்த இருமல்காரனுக்குக் காசநோய். அவனைப் போல ஏழு பேர் பதினாலாம் எண்ணின் பெயரில் காசநோய் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தார்கள். யாருக்கு என்ன வியாதி, எந்த மூலையில் வீடு என்பதெல்லாம் இஸ்திரிக்காரம்மாவுக்கு மனப்பாடம். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வேறு வழியும் இல்லை.

மருமகளுக்கு இது துளியும் பிடிக்கவில்லை.

"அத்தை, இது வீடா சத்திரமா?"

"சத்திரமா இருந்தா நீ வந்த அன்னைக்கே இடமில்லன்னு சொல்லியிருப்பேன்."

"வர்றவங்க எல்லாம் வியாதியோட வர்றாங்க. வயித்துல புள்ளையோட நான் இருக்கேன், அந்த நினைப்பாவது இருக்கா?"

"உன் வயிறு இந்தக் கதவுல பாதியை அடைச்சுக்கிட்டு நிக்குது. நினைக்காம எப்படி இருப்பேன்?"

பேச்சு இப்படியே போய் ஒருத்தி பாத்திரத்தை நங்கென்று வைக்க, இன்னொருத்தி பெட்டியை அதைவிடச் சத்தமாக வைக்க, அன்றைக்கு முடியும்.

அந்தக் கோடையில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் மஞ்சள் காமாலை வந்தது. அங்கே போகும் குடிநீர்க் குழாய் சாக்கடைக்குள்ளேயே கிடக்கிறது. இணைப்புகளில் கசிவு வந்தால் சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டிவிடுவார்கள். தண்ணீர் வராத நேரத்தில் குழாய் வெறுமையாக இருக்கும்போது கட்டு வழியாகச் சாக்கடை உள்ளே இறங்கும். பதினாலாம் எண் வீட்டுக் குழாயும் அதே குழாயின் கிளைதான். ஐந்து வாரத்தில் பத்தொன்பது பேர் கண் மஞ்சளாக வந்தார்கள். பத்தொன்பது பேரும் பதினாலு என்றே சொன்னார்கள். நானும் அப்படியே எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன்.

தலைமை அலுவலகம் என்ன நினைக்கும்? ஒரு வட்டாரத்தில் பத்தொன்பது பேர் என்றால் தண்ணீரைப் பார்ப்பார்கள். ஒரே வீட்டில் பத்தொன்பது பேர் என்றால் அந்த வீட்டைத்தான் பார்ப்பார்கள். திங்கட்கிழமை காலை சுகாதார ஆய்வாளர் மருந்து தெளிக்கும் இரண்டு ஆட்களோடு இஸ்திரிக் கடை முன்னால் வந்து இறங்கினார்.

உள்ளே போனவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். சமையற்கட்டை எட்டிப் பார்த்தார். பிறகு பரணைப் பார்த்தார்.

"மத்தவங்க எல்லாம் எங்கம்மா?"

இஸ்திரிக்காரம்மாவுக்கு விஷயம் அப்போதே புரிந்துவிட்டது. யாரும் இங்கே இல்லை, எல்லாரும் கால்வாய்க்கு அந்தப் பக்கம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் மாத்திரை வாங்கும் ஏழு பேருக்கும் மறுநாளே மாத்திரை நின்றுபோகும் என்று பயந்தார்.

"வேலைக்குப் போயிருக்காங்க."

"பத்தொன்பது நோயாளியுமா?"

"கூலிக்காரங்க சார். படுத்தா யாரு சோறு போடுவா?"

"இந்த அறையில எப்படிப் படுப்பாங்க?"

"முறை வச்சுத் தூங்குவோம்."

ஆய்வாளர் நம்பியதாகத் தெரியவில்லை. ஆனால் கால்வாயைத் தாண்டிப் போய்ப் பார்க்கவும் இல்லை. அங்கே ஒரு நோயாளிகூட இருப்பதாகப் பதிவு இல்லையே. வீடு முழுக்க மருந்து அடித்தார்கள். நோய் பரப்பும் இடம், தொழில் நடத்தக் கூடாது என்று கடைப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார்கள். விசாரணை முடியும்வரை பதினாலாம் எண்ணுக்கு டோக்கன் நிறுத்தம் என்று எங்கள் நிலையத்துக்கும் சொல்லி அனுப்பினார்கள். விஷயம் தெரிந்த நானும் அன்று வாயைத் திறக்கவில்லை.

மதியத்துக்குள் தெருக்காரர்கள் வந்து தேய்த்தது தேய்க்காதது எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த ஒருவரிடம், "மூக்கை விட்டுட்டு வாயைப் பொத்து, காமாலை அது வழியாத்தான் போகும்" என்றார் இஸ்திரிக்காரம்மா. எங்கள் நிலையத்து ஆறு கோட்டுகளை மட்டும் யாரும் வாங்க வரவில்லை. அவை மடித்தபடி அவரிடமே இருந்தன.

கால்வாய்க்கு அந்தப் பக்கத்து ஆட்கள் கடைப் பக்கமே வரவில்லை. போலிக் கதவு எண் கொடுத்ததற்குப் பிடித்துக்கொண்டு போவார்கள், வீட்டை இடிப்பார்கள் என்று பேச்சு கிளம்பிவிட்டது. கொத்தனார் ஒருவரின் மனைவி, அவரோடு சித்தாள் வேலை பார்ப்பவள், அந்தத் திங்கட்கிழமை நேராக எங்கள் ஜன்னலுக்கே வந்தாள். இரண்டு நாளாக வாந்தி, கண் மஞ்சள். பதினாலு என்றாள். நிறுத்திவிட்டோம் என்றார் டோக்கன்காரர். அவள் சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அவ்வளவு மெதுவாகப் பேசுகிறவள்.

புதன்கிழமை காலை மருமகளின் கண்ணும் மஞ்சளாக இருந்தது. எட்டு மாதம் முடிந்திருந்தது. அந்த நிலையில் காமாலை வந்தால் தாய், பிள்ளை இரண்டு உயிருக்கும் ஆபத்து என்று நிலையத்துச் சுவரிலேயே படம் போட்டு எழுதியிருக்கிறது. எங்கள் டாக்டரம்மா பார்த்துக் கடிதம் கொடுத்தால்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ். டாக்டரம்மாவைப் பார்க்க டோக்கன் வேண்டும்.

இஸ்திரிக்காரம்மா ஒரு கையில் மருமகளையும் இன்னொரு கையில் ஆறு கோட்டுகளையும் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார்.

"பதினாலு நிறுத்தியாச்சு" என்றார் டோக்கன்காரர்.

"இவ நிஜமாவே பதினாலு."

"எல்லாரும்தான் நிஜமாவே பதினாலுன்னாங்க." அவர் ஒரு தாளை ஜன்னலுக்கு வெளியே தள்ளினார். "ஆய்வாளர் குடுத்துட்டுப் போனது. என் அனுமதி இல்லாம இத்தன பேரும் பொய்யா என் நம்பரைச் சொன்னாங்கன்னு இதுல கைநாட்டு வைங்க. உங்க மருமக மட்டும் இப்பவே உள்ள போகலாம்."

"வச்சா அவங்களுக்கு?"

"பேரை அடிச்சுருவோம்."

"மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு?"

"அது அவங்க பாடு. உங்களுக்கு உங்க வீட்டுப் பொண்ணு வேணுமா, ஊருல இருக்கறவன் எல்லாம் வேணுமா?"

மருமகள் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அத்தை, வச்சுத் தொலைங்களேன். என்னால நிக்க முடியல."

இஸ்திரிக்காரம்மா அவளைப் பார்த்தார். மை டப்பாவைப் பார்த்தார். பிறகு ஆறு கோட்டுகளையும் ஜன்னல் பலகை மேல் பொத்தென்று போட்டார்.

"இந்தா, கோட்டு. நோய் பரப்புற இடத்துல தேய்ச்சது. உன் டாக்டரைக் கூப்பிட்டுப் போட்டுக்கச் சொல்லு. உன் மேல இருக்கிற சட்டையும் அங்க தேய்ச்சதுதான். கழட்டு."

"மரியாதையா பேசுங்கம்மா!"

"மரியாதையா? வயித்துப் புள்ளைக்காரி தரையில உக்காந்திருக்கா, நீ நம்பர் கேக்குற. நோய் என்ன நம்பர் பாத்தா வந்துச்சு? வைத்தியம் உன் வீட்டுச் சோறா, ஆளைப் பாத்துப் போட? எனக்குள்ளதைக் கேக்குறேன்டா. அவங்களும் அவங்களுக்குள்ளதைத்தான் கேட்டாங்க. கழட்டு சட்டையை!"

வரிசை முழுக்க வாயைப் பிளந்துகொண்டு நின்றது. சத்தம் கேட்டு டாக்டரம்மா வெளியே வந்தார். தூக்கமில்லாத கண்களோடு எப்போதும் எரிச்சலில் இருக்கும் மனுஷி. "என்ன கூச்சல் இது, சந்தையா?" என்று ஆரம்பித்தவர், தரையில் இருந்த மருமகளின் கண்களைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். குனிந்து அவள் இமையை விலக்கிப் பார்த்தார். "இவளை ஏன் இங்க உக்கார வச்சிருக்கீங்க?" என்றார் டோக்கன்காரரிடம்.

"டோக்கன் இல்ல டாக்டர்."

"வாயை மூடுங்க. ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க."

அதற்குமேல் இஸ்திரிக்காரம்மா கைநாட்டு வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் அவர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"எழுதும்மா. அவங்க யாரும் என் வீட்டுல இல்ல. அது நிஜம்தான், கைநாட்டு வைக்கிறேன். எங்க இருக்காங்கன்னும் எழுது. என் அனுமதியில்லாமன்னு போட்டிருக்கறதை அடி. நான்தான் குடுத்தேன்."

நின்ற இடத்திலேயே சொல்லத் தொடங்கினார். பாலத்துல இருந்து மூணாவது தகரக் கதவு, அப்பனும் ரெண்டு புள்ளையும், காமாலை. குழாய்ல முதல் கட்டு இருக்கற இடம், நீலத் தார்ப்பாய், தையக்காரி, காமாலை. ரெண்டாவது கட்டுக்கு எதிரே, மூட்டை தூக்குறவனும் அவன் அம்மாவும். இப்படிப் பத்தொன்பது பேரையும், மாத்திரை சாப்பிடும் ஏழு பேரையும் வாசல் வாசலாகச் சொன்னார். எழுதி முடித்தபோது குழாய் போகும் வழியே தாளில் இருந்தது. டாக்டரம்மா அதை இரண்டு முறை படித்துவிட்டு, கீழே கையெழுத்துப் போட்டு அப்போதே ஆய்வாளருக்கு அனுப்பினார். டாக்டரம்மாவின் சம்மதத்தோடு ஏழு பேரின் பெயர்களையும் நான் வேறு பக்கத்தில், கதவு எண் இல்லாமலே எழுதினேன்.

வியாழக்கிழமை குழாயை நிறுத்தினார்கள். தண்ணீர் வண்டி வந்தது. கால்வாயைத் தாண்டிச் சுகாதார ஆட்கள் வீடு வீடாகப் போனார்கள். கொத்தனாரின் மனைவி மயங்கிக் கிடந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். அவள் அந்தப் பட்டியலில் இல்லை. இஸ்திரிக் கடைக்குப் போய்த் திட்டு வாங்காமல் நேராக ஜன்னலுக்கு வந்தவள் அல்லவா. ஈரல் அதற்குள் கெட்டுவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் இறந்தாள்.

மருமகள் பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை, மூன்று வாரம் முன்னதாகப் பிறந்தது. அதுவும் பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே தண்ணீரைக் காய்ச்சிய பாத்திரத்துக்கு மூடி போடவில்லை என்று மாமியாரும் மருமகளும் சண்டை போட்டார்கள். அந்தச் சண்டைக்கு நடுவில்தான் கொத்தனார் வாசலில் வந்து நின்றார். கடைத் தடை நீங்கியிருந்ததால், அன்று நான் அங்கே தேய்க்கக் கோட்டுகளைக் கொடுக்கப் போயிருந்தேன்.

"பத்தொன்பது பேரைச் சொன்னீங்களே" என்றார் அவர். "என் பொண்டாட்டியைச் சொன்னீங்களா?"

"எனக்குத் தெரியாதுப்பா. அவ வரல."

"உங்க நம்பர் எங்களுக்கு இல்லாம இருந்திருந்தா, எங்க பக்கம் நோய் இருக்குன்னு அஞ்சு வாரம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும். ஆய்வாளர் வந்து கேட்டப்பகூட வேலைக்குப் போயிருக்காங்கன்னு சொன்னீங்களாம். உங்க வீட்டுப் பொண்ணுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தீங்க."

மருமகள் குழந்தையோடு முன்னால் வந்தாள். "இத்தன நாளும் இந்த நம்பர்லதானே மருந்து வாங்குனீங்க? இப்ப வந்து..."

"நீ சும்மா இரு" என்றார் இஸ்திரிக்காரம்மா. பிறகு கொத்தனாரைப் பார்த்து, "ஆமா" என்றார்.

சண்டைக்கென்றே வந்த மனிதர் திகைத்துப்போனார். "ஆமாவா? அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லச் சொல்ற? நான் பொய் சொன்னேன். ஆனா அவளை ஜன்னல்ல இருந்து திருப்பி அனுப்பினது நான் இல்ல. நாளைக்குத் தலைமை ஆபீசுக்கு வா. நான் செஞ்சதை அங்கயும் சொல்றேன். அவங்க செஞ்சதை அவங்க சொல்லட்டும்."

அவர் திரும்பிப் போய்விட்டார். ஆனால் மறுநாள் வந்தார். இஸ்திரிக்காரம்மா முன்னால் நடக்க, பத்தடி தள்ளி அவர் நடந்தார். கதவு எண் கேட்டு யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற மனுவை நான் எழுதிக் கொடுத்தேன். தலைமை அதிகாரி விசாரிப்பதாகச் சொன்னார். நாற்காலி போடவில்லை. இஸ்திரிக்காரம்மா அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். "மறுபடி வந்துட்டீங்களா?" என்று வாசலில் இருந்த காவலாளி சலித்துக்கொண்டபோது, "உன்னைப் பொண்ணு பாக்க வரல, வழி விடு" என்றார். இரண்டு முறை கொத்தனாரும் வந்திருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

ஏழாவது வாரம் ஓர் உத்தரவு வந்தது. கதவு எண் இல்லை, அடையாளத் தாள் இல்லை என்ற காரணத்துக்காக யாருக்கும் சிகிச்சை மறுக்கக் கூடாது. இரண்டே வரி, அதுவும் அலுவலக மொழியில். டோக்கன்காரர் அதை ஜன்னலுக்கு மேலே, கூரையை ஒட்டி, ஏணி வைத்தால்தான் படிக்க முடிகிற உயரத்தில் ஒட்டினார். எங்கே ஒட்ட வேண்டும் என்று உத்தரவில் சொல்லவில்லையாம்.

இரண்டு நாள் கழித்துக் கொத்தனார் சிமென்ட் சட்டியும் பூச்சுக் கரண்டியுமாக வந்தார். உத்தரவின் நகலைக் கேட்டார். நான் அதன் அடியில் எல்லோருக்கும் புரியும்படி பேச்சு மொழியிலும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். ஜன்னலுக்குப் பக்கத்தில், வரிசையில் நிற்பவரின் கண்ணுக்கு நேராகச் சுவரைக் கொத்தத் தொடங்கினார்.

"யோவ், இது அரசாங்கச் சுவரு!" என்று டோக்கன்காரர் கத்தினார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தாளைக் குழிக்குள் வைத்து, மேலே ஒரு கண்ணாடியைப் பதித்து, நாலு ஓரமும் சிமென்ட் பூசினார். வரிசையில் நின்ற இஸ்திரிக்காரம்மா, தோளில் பேத்தியோடு, "இடது பக்கம் சாயுது" என்றார். கொத்தனார் அதைச் சரி செய்தார். சாமான்களைச் சட்டியில் போட்டுக்கொண்டார். ஈரம் காயும்வரை ஜன்னலுக்கு முன்னாலேயே நின்று டோக்கன்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.